பீங்கான் அலமாரிச் சாவி

கெல்ஸ்பி டவுன் கால்பந்துக் கழகம்
கால்வாய்ப் பாதை, கெல்ஸ்பி
செப்டம்பர் 24

திருமதி எனிட் ஷா அவர்களுக்கு,

நம் கழகத்தின் நிர்வாகிகள் அறையில் உள்ள பீங்கான் அலமாரி பூட்டிக் கிடப்பதும், அதன் ஒரே சாவி தங்கள் வசம் இருப்பதும் நேற்றைய குழுக் கூட்டத்தில் கவனத்துக்கு வந்தது. கழகச் சின்னம் போட்ட கப்புகள், சாசர்கள், பெரிய டீ கெண்டி எல்லாம் அதற்குள் உள்ளன. ஆட்டம் முடிந்ததும் வெளியூர்க் கிளப் நிர்வாகிகளை உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பது நம் வழக்கம் என்பது, இருபது வருடம் அந்தத் தேநீரைப் போட்ட தங்களுக்கே தெரியும். ஆகவே மேற்படி சாவியைத் தாமதமின்றித் தபாலில் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
நார்மன் ஹெப்வொர்த்
தலைவர்

பி.கு. நீ ரயிலேறுற அன்னிக்கு உன் குடைய என் கடையில மறந்து வெச்சிட்டுப் போயிட்ட. கறி வெட்டுற மேடைக்குப் பின்னாடி தொங்குது.


போர்த்மியர்
செப்டம்பர் 29

டேய் நார்மன்,

தங்கள் வசமா? மேற்படி சாவியா? உனக்கு மூக்கு ஒழுகினா என் கவுனாலயே துடைச்சு விட்டவடா நான். எனக்கே டைப் அடிச்சு அனுப்புறியா? பாலினுக்குப் படிச்சுக் காட்டினேன். உன் அக்கா மக சிரிச்சா. அப்புறம் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சிட்டா. அவ அழுதா யாருக்கும் தெரியக் கூடாதுன்னா பாத்திரம் கழுவுவா. உனக்குத் தெரியுமே.

சாவி எங்கிட்டதான் இருக்கு. இல்லேன்னு சொல்லல. அந்த அலமாரி என் புருஷன் ஸ்டான்லி தன் கையால இழைச்சு ஒட்டிச் செஞ்சது. கிளப் ஒரு ஆணி கூட வாங்கித் தரல. அதனால பூட்டிட்டு வந்தேன். உன் மேல இருக்கற கோவத்துலயும் பூட்டிட்டு வந்தேன், போதுமா?

கீத் என் மருமகன்னு நான் பேசல. மேனேஜரா அவன் சுமார்தான், நானே சொல்லியிருக்கேன். ஏழு மேட்ச்சுல ஒண்ணு கூட ஜெயிக்கலேன்னா எந்தக் கிளப்பும் வெளிய அனுப்பத்தான் செய்யும். ஆனா சனிக்கிழமை காலையில, கடை நிறைய பொம்பளைங்க நிக்கறப்ப, சாசேஜ் வாங்க வந்தவன்கிட்ட பொட்டலத்தக் கட்டிக் கொடுத்துட்டு, "இன்னியோட உன் வேலை சரி, அடுத்தது யாரு?"ன்னு கேட்டியே. அந்த சாசேஜ அவன் வீடு வரைக்கும் கையில பிடிச்சுக்கிட்டே வந்தான்டா. எனக்கு அது மறக்க மாட்டேங்குது.

இங்க இவனுக்குச் சின்னப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கற வேலை. இரண்டாம் டிவிஷன் கிளப். தலைவர் பென்ரோஸ்னு ஒருத்தர், தங்கமான மனுஷன்.

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. வருஷக் கடைசியில நம்ம நாலாம் டிவிஷன்ல கீழ நிக்கற நாலு கிளப்பும் மத்த கிளப் தலைவர்ங்ககிட்டப் போய் ஓட்டுப் பிச்சை கேக்கணும். இல்லேன்னா லீக்க விட்டே வெளிய. ரெண்டு வருஷம் முன்னாடி நாம அப்படி நின்னப்ப எப்படித் தப்பிச்சோம்? நம்ம பசங்க ஆடின ஆட்டத்துக்கா ஓட்டு விழுந்துச்சு? என் இஞ்சி கேக்குக்கும் நல்ல கப்புல கொடுத்த டீக்கும்தான் விழுந்துச்சு. "கெல்ஸ்பிக்குப் போனா மரியாதையா நடத்துவாங்க"ன்னு ஒருத்தர் சொன்னதா நீயே வந்து சொன்ன.

கீத்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேளு. அடுத்த தபால்ல சாவி வரும்.

எனிட்


கெல்ஸ்பி
நவம்பர் 17

அக்கா,

டைப் அடிக்கல. திருப்தியா?

மன்னிப்பு எல்லாம் கேக்க முடியாது. தலைவர்னா முடிவெடுக்கணும். கடையில சொன்னா என்ன, வீட்டுல கூப்பிட்டு வெச்சுச் சொன்னா என்ன? வேலை போனது போனதுதான். நானும் அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. அத நீ கேட்டியா?

புது மேனேஜர் வந்தும் ஒண்ணும் பெரிசா நடக்கல. போன சனிக்கிழமை நம்ம ஆளே நம்ம வலைக்குள்ள அடிச்சான். கறி வாங்க வர்ற ஒவ்வொருத்தரும் கத்திய நான் கையில வெச்சிருக்கேன்னு கூடப் பாக்காம எனக்குப் புத்தி சொல்றாங்க. பாதிரியார் கூட இடது பக்கம் ஆள் பத்தலேன்னார்.

டீ விஷயம் நீ நினைக்கற அளவுக்குப் பெரிசு இல்ல. ஆட்டக்காரங்க கேண்டீன்ல இருக்கற தகர மக்குல கொடுக்கறோம். ஒருத்தர் உதட்டைச் சுட்டுக்கிட்டார், அவ்வளவுதான். இன்னொருத்தர் மக்க ஜன்னல் ஓரம் வெச்சிட்டுக் குடிக்காமலே போனார். அவங்க ஊர்லயும் டீ இருக்கும், அங்க போய்க் குடிச்சுக்கட்டும்.

குழுவுல பூட்டை உடைன்னு சொல்றாங்க. நான் மாட்டேன்னுட்டேன். ஸ்டான்லி அத்தான் செஞ்ச கதவுல கடப்பாரைய வெச்சேன்னா ராத்திரி தூக்கம் வராது. அதுக்காக நான் கெஞ்சுவேன்னு நினைக்காத. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்.

ஒரு நல்ல சேதி. கோப்பைப் போட்டியில முதல் சுத்து ஜெயிச்சிட்டோம். எப்படின்னு எனக்கே தெரியல.

நார்மன்

குடை இன்னும் இங்கதான் இருக்கு.


போர்த்மியர்
டிசம்பர் 14

நார்மன்,

ரெண்டாவது சுத்தும் ஜெயிச்சிட்டீங்க! ரேடியோவுல கேட்டு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சிடுச்சு.

மூணாவது சுத்துக்கு யாருக்கு யாருன்னு சீட்டு எடுத்தாங்களே, அதக் கேட்டியா? கேக்காம இருப்பியா! நாங்க சமையலறையில நின்னுக்கிட்டுக் கேட்டோம். "கெல்ஸ்பி டவுன்"னு சொன்னவுடனே பாலின் கரண்டிய கீழ வெச்சா. "எதிர்த்து ஆடுவது... போர்த்மியர்." கீத் ரேடியோவ அணைச்சிட்டுத் தோட்டத்துக்குப் போய் நின்னான். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "அத்தை, நான் வரல. பசங்க வேலை இருக்கு. நீங்க போயிட்டு வாங்க"ன்னான்.

மேட்ச் நம்ம மைதானத்துலதானே, பென்ரோஸ் என்னை அவங்க கிளப் விருந்தாளியாக் கூட்டிட்டு வர்றார். நாந்தான் அந்த ஊர்க்காரின்னு அவருக்குத் தெரியும். "உங்க டீயப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்"ன்னார். எனக்கு வெக்கமாப் போச்சு.

நார்மன், நானும் யோசிச்சேன். மூணு மாசமா இப்படி முறைச்சுக்கிட்டு நிக்கறோமே, நமக்கு யார் இருக்கா? அப்பா அம்மா போயாச்சு, ஸ்டான்லி போயாச்சு. நீயும் கல்யாணமே வேணாம்னு கடையையும் கிளப்பையும் கட்டிக்கிட்டு இருக்க. இது நம்ம அப்பா கோல் காத்த கிளப். எனக்கும் அக்கறை இருக்கு.

நான் வர்றப்ப சாவியும் கூட வரும். மன்னிப்பு மண்ணாங்கட்டி எல்லாம் வேணாம். வாசல்ல பாத்ததும் "வா அக்கா"ன்னு சொல்லு. அவ்வளவு போதும். நேரா உள்ள போய் அலமாரியத் திறந்து, கப்ப எல்லாம் அலசி, பென்ரோஸுக்கு நானே டீ போடறேன். இஞ்சி கேக் ரெண்டு செஞ்சு எடுத்துட்டு வர்றேன்.

எனிட்


போர்த்மியர்
ஜனவரி 9

நார்மன்,

ரயில்ல அழுதேன்னு நினைச்சுக்காத. பென்ரோஸ் எதிர்ல உக்காந்திருந்தார், அதனால அழ முடியல. வீட்டுக்கு வந்துதான்.

என்ன கேள்விடா அது? எல்லாரும் படியேறி வர்றோம். பென்ரோஸ், அவர் சம்சாரம், பின்னாடி கேக் டப்பாவோட நான். நீ கோட்டும் டையும் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கற. பென்ரோஸுக்குக் கை கொடுத்த. என்னைப் பாத்த. முகத்துல ஒரு நல்ல களை இல்ல. "சாவி இருந்தா உள்ள வா. இல்லேன்னா வெளிய நில்லு. இது நிர்வாகிங்க அறை, சொந்தக்காரங்க சத்திரம் இல்ல"ன்னு சொன்ன. அத்தனை பேர் எதிர்ல!

சாவி என் கையுறைக்குள்ளதான்டா இருந்துச்சு. படியேறறப்பவே பைய விட்டு எடுத்துக் கைக்குள்ள வெச்சிட்டேன், உன்கிட்ட நீட்டணும்னு. நீ அப்படிச் சொன்னதும் கை தானா மூடிக்கிச்சு. இனிமே ஜென்மத்துக்கும் திறக்காது.

கேக் டப்பாவ பென்ரோஸ் சம்சாரத்துகிட்டக் கொடுத்துட்டுக் கீழ இறங்கிப் போய்ட்டேன். கால்வாய்ப் பக்கம், ஜனங்க நின்னு மேட்ச் பாக்கற கூரை இல்லாத படிக்கட்டுல நின்னேன். மழை ஊத்திச்சு. பழைய ஆளுங்க "என்ன எனிட், இங்க நிக்கற?"ன்னு கேட்டாங்க. "மேல காத்து பத்தல"ன்னு சொன்னேன்.

அப்புறம் உன் பசங்க முதல் கோல் போட்டாங்களே, மூலையிலேர்ந்து வந்த பந்த அந்த நெட்டையன் தலையால முட்டி. அடப்பாவி, நான் குதிச்சேன் தெரியுமா? போர்த்மியர் சாப்பாட்டச் சாப்பிட்டுட்டு, போர்த்மியர் டிக்கெட்டுல வந்துட்டு, கெல்ஸ்பிக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். அப்புறம் ரெண்டு வாங்கித் தோத்துட்டீங்க, அது வழக்கம்தானே.

திரும்பி வர்றப்ப பென்ரோஸ் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "உங்க தம்பி கிளப்புல கப் எல்லாம் கிடையாதாம்மா?"ன்னார்.

எனக்கு இனிமே எழுதாத.

எனிட்


கெல்ஸ்பி
மே 8

அக்கா,

எழுதாதன்னு சொன்ன. நாலு மாசம் எழுதல. இப்ப வேற வழியில்லாம எழுதறேன்.

சனிக்கிழமை கடைசி மேட்ச். ஜெயிச்சிருந்தா தப்பிச்சிருப்போம். டிரா ஆச்சு. கடைசி நிமிஷத்துல பெனால்டி கிடைச்சுது, கம்பத்துல அடிச்சான். ஜனங்க திட்டக் கூட இல்ல, பேசாம நடந்து போயிட்டாங்க. திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். கீழேர்ந்து மூணாவதா நிக்கறோம். ஜூன் முதல் வாரம் லண்டன்ல ஓட்டு.

மத்த மூணு கிளப்புக்கும் பயமில்லேன்னு பேசிக்கறாங்க. வெளிய இருந்து ஆல்டர்விக்னு ஒரு கிளப் உள்ள வரத் துடிக்குது. புது மைதானம், புது விளக்கு, வர்றவங்களுக்கு ஒயினாம். அவங்க வந்தா போகப்போறது நாமதான்.

இப்படி ஆகும்னு பயந்து ரெண்டு வாரமாவே கார்ல ஊர் ஊராப் போறேன், பின்னாடி சாசேஜ் பெட்டி. தலைவர்ங்க வீட்டுக் கதவத் தட்டி ஓட்டுக் கேக்கறேன். எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க. ஆனா ஒருத்தர், பேர் வேணாம், சிரிச்சுக்கிட்டே, "கெல்ஸ்பியா? ஓ, அந்தத் தகர மக்கு!"ன்னார். பக்கத்துல இருந்த அவர் பையனும் சிரிச்சான். நான் சாசேஜக் கொடுத்துட்டு வந்துட்டேன். காருக்குள்ள உக்காந்து ரொம்ப நேரம் வண்டிய எடுக்கல.

எண்ணிப் பாத்தா சரிக்குச் சமமா இருக்கு. ஒரு ஓட்டுல போகும் வரும். பென்ரோஸ் இன்னும் யாருக்கும் வாக்குக் கொடுக்கலேன்னு கேள்வி. நான் கேட்டா அவர் தர மாட்டார். வாசல்ல நடந்ததப் பாத்தவர். நீ கேட்டா தருவார்.

அக்கா, கீத்துக்கு நான் செஞ்சது தப்பு. வாசல்ல உன்ன நான் சொன்னது அதவிடத் தப்பு. அன்னிக்குக் காலையிலேர்ந்து அந்த மக்குங்கள வரிசையா வெச்சுப் பாத்துப் பாத்து எனக்கு அவமானமா இருந்துச்சு. பெரிய கிளப் தலைவருக்கு இதுலயா கொடுக்கறதுன்னு. உன்னைப் பாத்ததும் அது அப்படியே வாயில வந்துடுச்சு.

ஒரு வார்த்தை அவர்கிட்டச் சொல்லு. எனக்காக இல்ல, கிளப்புக்காக.

நார்மன்


போர்த்மியர்
மே 13

நார்மன்,

பெனால்டிய நானும் ரேடியோவுல கேட்டேன். கண்ண மூடிக்கிட்டுத்தான் கேட்டேன்.

என்கிட்டத் தப்புன்னு சொல்லிட்ட. சரி. ஆனா அவன்கிட்ட? கடையில ஊரைக் கூட்டி வெச்சு அவன அனுப்பினவன், ஓட்டு வேணும்னதும் எனக்கு எழுதற லெட்டர்ல நடுவுல ஒரு வரி போட்டா ஆச்சா? கீத்துக்குத் தனியா எழுது. உன் கையால, முழுசா எழுது. அது இந்த வீட்டுக்கு வந்து சேரட்டும். அப்பதான் நான் பென்ரோஸ் வீட்டுப் படியேறுவேன்.

எனிட்


கெல்ஸ்பி
மே 18

அக்கா,

இதோட கீத்துக்கு ஒரு லெட்டர் வெச்சிருக்கேன். நாலு தாள் கிழிச்சுப் போட்டு அஞ்சாவது. அதுல நான் என்ன எழுதினேன்னு உனக்குச் சொல்ல மாட்டேன். அவன் காட்டினா படிச்சுக்கோ.

சீக்கிரம் போ அக்கா. ஆல்டர்விக் ஆளுங்க அந்தப் பக்கம் கிளம்பிட்டாங்கன்னு சேதி.

நார்மன்


போர்த்மியர்
மே 27

நார்மன்,

போனேன். பென்ரோஸ் வீட்டுக்கே போய்க் கேட்டேன். உக்காரவெச்சு மரியாதையாத்தான் பேசினார். ஆனா ஆல்டர்விக்குக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துட்டாராம். கொடுத்த வாக்க மாத்தறவர் இல்ல அவர். அவர் முகத்தப் பாத்தா அவருக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு.

நம்மால முடிஞ்சதச் செஞ்சோம். மத்தவங்க ஓட்டு இருக்கே, பாப்போம். நல்லாச் சாப்பிடு.

கீத் உன் லெட்டரப் படிச்சிட்டுச் சட்டைப் பையில வெச்சிக்கிட்டான். என்கிட்டக் காட்டல.

எனிட்


லண்டன், ஹோட்டல்
ஜூன் 4

அக்கா,

ரேடியோவுல கேட்டிருப்ப. இருந்தாலும் நான் சொல்லணும்.

பெரிய கூடம். தலைக்கு மேல கண்ணாடி விளக்கு. கீழ நின்ன நாலு கிளப் ஆளுங்களும் ஆல்டர்விக் ஆளும் ஓரமா ஒரு பெஞ்சுல. ஆல்டர்விக் தலைவர் எனக்குச் சிகரெட் நீட்டினார். நல்ல மனுஷன்தான், வெறுக்க முடியல. அப்புறம் ஒருத்தர் கண்ணாடியத் துடைச்சுப் போட்டுக்கிட்டு எண்ணிக்கையப் படிச்சார். ஆல்டர்விக் இருபத்தேழு. கெல்ஸ்பி இருபத்தாறு. நான் இன்னொரு தடவ படிப்பார்னு நினைச்சு நின்னுக்கிட்டே இருந்தேன். பக்கத்துல ஒருத்தர் என் கையப் பிடிச்சு உக்காரவெச்சார்.

வெளிய வந்தப்ப பென்ரோஸ் பின்னாடியே வந்தார். ஓடி வந்தார்னே சொல்லணும். "ஹெப்வொர்த், மன்னிச்சுக்குங்க. உங்க அக்கா வியாழக்கிழமை வந்தாங்க. ஆல்டர்விக்காரர் செவ்வாய்க்கிழமை வந்து வாக்கு வாங்கிட்டுப் போயிட்டார். அவங்க திங்கக்கிழமை வந்திருந்தா என் ஓட்டு உங்களுக்குத்தான்"ன்னார்.

என் லெட்டர் உனக்குச் சனிக்கிழமையே வந்திருக்கும் அக்கா. நம்ம ஊர்த் தபால்காரன் அத அன்னிக்கே ரயில்ல போட்டான், நானே கூட நின்னு பாத்தேன்.

உன்னக் குத்தம் சொல்ல எழுதல. சத்தியமா இல்ல. ஜனவரியில, மேட்ச் முடிஞ்ச அன்னிக்கே, உனக்கு ஒரு லெட்டர் எழுதினேன். மேல ஜன்னல்லேர்ந்து நீ கூரை இல்லாத இடத்துல நனைஞ்சுக்கிட்டு நிக்கறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். உன் குடை என் கடையில தொங்கிட்டிருந்துச்சு. தெருவத் தாண்டினா எடுத்துட்டு வந்திருக்கலாம். போகல. மன்னிச்சுக்கோன்னு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, கோட்டுப் பையில வெச்சேன். உன்னோட 'எழுதாத' வந்துச்சு. சரி, அவளா வரட்டும்னு விட்டுட்டேன். இன்னிக்கு அந்தக் கோட்டத்தான் போட்டுட்டு வந்தேன், லெட்டர் இன்னும் உள்ள இருக்கு. ஜனவரியிலயே அதப் போட்டிருந்தா சாவி வந்திருக்கும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், அத்தனை பேர் வந்து போனாங்க. நல்ல கப்புல குடிச்சிருப்பாங்க. ஒரே ஒருத்தர் அதனால மனசு மாறியிருந்தாப் போதும்.

அப்பா கோல் காத்த கிளப்ப நான் தொலைச்சிட்டேன் அக்கா.

நார்மன்


போர்த்மியர்
ஜூன் 8

நார்மன் கண்ணா,

சனிக்கிழமைதான் வந்துச்சு. நான் பொய் சொல்லல, ஆனா சொல்ல வேண்டியதச் சொல்லல.

கீத் படிச்சான். படிச்சிட்டுச் சிரிச்சான், கண்ணுல தண்ணி. "அத்தை, மாமா பாவம். இப்பவே கிளம்புங்க, நான் கூட்டிட்டுப் போறேன்"ன்னான். அவனுக்கு அந்த நிமிஷமே கோவம் போயிடுச்சு. எனக்குத்தான் போகல. நீ என்னை வாசல்ல நிக்க வெச்சியே, நீயும் கொஞ்சம் நில்லு, கொஞ்சம் பதறுன்னு நினைச்சேன். நீ எனக்கு எழுதின லெட்டர ரொட்டி டப்பாவுக்குப் பின்னாடி சொருகி வெச்சிட்டு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். திங்கக்கிழமை துணி துவைச்சேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பென்ரோஸ் வீட்டு வாசல்ல வெளியூர்க் கார் ஒண்ணு நிக்கறதக் கடைக்குப் போறப்ப என் கண்ணால பாத்தேன். யாரோ விருந்தாளின்னு நினைச்சுக்கிட்டு நடந்தேன். என்ன பொம்பளடா நான்!

நீ தொலைக்கல. தொலைச்சா ரெண்டு பேரும்தான் தொலைச்சோம்.

சாவிய இதுல வெச்சுத் தெச்சிருக்கேன், கவரப் பாத்துப் பிரி. இப்ப அது எதுக்குன்னு கேப்ப. எனக்கும் தெரியல. இத வீட்டுல வெச்சிருக்க முடியல.

எனிட்


கெல்ஸ்பி
ஆகஸ்ட் 22

அக்கா,

தலைவர் பதவிய மருந்துக்கடைக்காரர்கிட்டக் கொடுத்துட்டேன். அவர் வேணாம் வேணாம்னு சொல்லி வாங்கிக்கிட்டார். குழுவுல எனக்கு என்ன வேலை தர்றதுன்னு தெரியாம முழிச்சாங்க. "டீ போட ஆள் இல்லையே, நான் போடறேன்"ன்னேன். எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஒருத்தரும் சிரிக்கல.

சனிக்கிழமை முதல் மேட்ச், வடக்கு வட்டார லீக்ல. ஓல்ட்மூர்னு ஒரு குட்டிக் கிளப். அவங்க தலைவரே பஸ் ஓட்டிட்டு வந்தார், கூட ஒரு பல் டாக்டர், ஒரு தபால்காரர். மூணே பேர். கூட்டமும் குறைச்சல்தான். ஆனா கால்வாய்ப் பக்கத்துப் பழைய ஆளுங்க எல்லாரும் வந்திருந்தாங்க. நாம ரெண்டுக்கு ஒண்ணு ஜெயிச்சோம். நெட்டையன் ரெண்டும் போட்டான்.

காலையிலயே போய் அலமாரியத் திறந்தேன். சாவி முதல்ல திரும்பல, கொஞ்சம் எண்ணெய் விட்டதும் திரும்பிச்சு. நீ எப்படி அடுக்கி வெச்சிட்டுப் போனியோ அப்படியே இருந்துச்சு. ஒவ்வொரு கப்புக்கும் நடுவுல காகிதம் மடிச்சு வெச்சிருந்த. கோவமாப் போனவ காகிதம் மடிச்சு வெச்சிட்டா போன? ரொம்ப நேரம் அங்கயே தரையில உக்காந்திருந்தேன்.

டீ கொஞ்சம் கசந்துச்சு. கேக் கடையில வாங்கினது. இருந்தாலும் அந்தப் பல் டாக்டர் கப்பத் தூக்கி அடியில பாத்து, "எவ்வளவு அழகா இருக்கு! எங்களுக்கு எந்த ஊர்லயும் இப்படிக் கொடுத்ததே இல்ல"ன்னார். பஸ் ஓட்டற தலைவர் சாசர ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சார். நான் சுவத்தோரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த மூணு பேர்ல ஒருத்தருக்கும் ஓட்டுக் கிடையாது அக்கா. இங்க யாருக்குமே கிடையாது.

எல்லாத்தையும் கழுவித் துடைச்சுக் காகிதம் வெச்சு அடுக்கினேன். ஒரு சாசர் உடைஞ்சிடுச்சு, அதுக்குத் திட்டு. அலமாரியப் பூட்டிட்டேன்.

மேற்படி சாவி இத்துடன் தங்களுக்கு அனுப்பப்படுகிறது. அது உன்கிட்டதான் இருக்கணும். அடுத்த மேட்ச் வர்ற மூணாம் தேதி. யார் வந்தாலும் தகர மக்குல டீ கிடையாதுன்னு சொல்லிட்டேன். திறக்க ஆள் வந்தாத்தான் டீ.

குடைய அனுப்பல. ரயிலடிக்கு நானே எடுத்துட்டு வர்றேன்.

நார்மன்